வீரலட்சுமி பெயரில் வந்த ரத்தம்

கற்பகம் இதுவரை விசாரிக்கப் போன வீடுகளில் எல்லாம் அவளுக்கு முன்பே சாவு வந்து போயிருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக இறப்புகளைத் துருவிய காலத்திலும் சரி, அந்த வேலையை உதறிவிட்டு விருதுநகரில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்ட பிறகும் சரி, மாலை போட்ட போட்டோவுக்கு எதிரில் உட்கார்ந்துதான் அவள் முதல் கேள்வியைக் கேட்பாள். இன்றைக்குத்தான் முதன்முதலாக, இன்னும் சாகாத ஒருவரைக் கண்டுபிடித்துத் தரச்சொல்லி ஒரு டாக்டர் அவள் எதிரே அழுதுகொண்டிருந்தாள்.

டாக்டர் ஸ்வீட்டிக்கு நாற்பது வயது இருக்கும். மதுரை ரோட்டில் சின்னதாக ஓர் ஆராய்ச்சிக்கூடம் வைத்திருந்தாள்; அங்கேதான் கற்பகத்தை வரவழைத்திருந்தாள். கொழுப்பு சேர்ந்த ஈரலைப் பற்றிய ஆராய்ச்சி.

"பேரு ஸ்வீட்டி, பாக்குறது கொழுப்பு. பலகாரக்கடை கணக்கா இருக்குல்ல தாயி?" என்று காதோரம் முணுமுணுத்தார் அய்யாதுரை. கற்பகத்தின் உதவியாளர். மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்ந்தவர். கற்பகத்தைவிடப் பதினைந்து வயது மூத்தவர், ஆனால் வாய்க்கு மட்டும் வயதே ஆகவில்லை.

"அண்ணாச்சி, கொஞ்சம் சும்மா இருங்க" என்ற கற்பகம் டாக்டர் பக்கம் திரும்பினாள். "தண்ணி குடிச்சிட்டு முதல்லேருந்து சொல்லுங்க டாக்டர்."

"ஈரல்ல கொழுப்பு சேர்றது இப்போ பல பேருக்கு இருக்கு. நிறைய பேரை அது ஒண்ணும் பண்றதில்லை. சில பேருக்கு மட்டும், முக்கியமா சுகர் இருந்தா, உள்ளுக்குள்ளயே புண்ணாகி, தழும்பாகி, ஈரல் கல்லு மாதிரி இறுகிப்போகும். வலிக்காது. வெளியே காட்டாது. ரத்த வாந்தி எடுக்கிற அன்னைக்குத்தான் தெரியும். அந்தச் சில பேர் யாருன்னு முன்கூட்டியே சொல்ற அடையாளம் ரத்தத்துல இருக்கான்னுதான் நான் தேடறேன்."

"கிடைச்சுதா?"

"கிடைச்சுதுன்னுதான் நினைச்சேன். ரத்தத்துல ரெண்டு புரதம். ரெண்டும் சேர்ந்து ஏறினா ஈரல்ல தழும்பு. எம். புதுப்பட்டியில பட்டாசுத் தொழிலாளர்களுக்கு முகாம் போட்டு, ஒவ்வொருத்தருக்கும் ரத்தமும் எடுத்து, ஈரல் ஸ்கேனும் பண்ணிப் பார்த்தோம். ரத்தம் சொன்னதை ஸ்கேனும் அப்படியே சொல்லுச்சு. ஒருத்தரைத் தவிர."

டாக்டர் ஒரு தாங்கியை முன்னால் நகர்த்தினாள். அதில் வரிசையாகக் கண்ணாடி ட்யூபுகள். ஒன்றைத் தொட்டுக் காட்டினாள். லேபிளில் வீரலட்சுமி என்று எழுதியிருந்தது.

"ஸ்கேன்ல இந்தப் பொண்ணு ஈரல் பச்சைக் குழந்தை ஈரல் மாதிரி இருக்கு. ரத்தத்துல பார்த்தா முழுக்க இறுகிப்போன ஈரல். சந்தேகம் வந்து நானே நேர்ல போய் மறுபடி ரத்தம் எடுத்தேன். அது சுத்தமா இருக்கு. அப்போ முதல் ட்யூபுல இருக்கறது அவ ரத்தம் இல்லை. வேற யாரோ. இதுல உறையறதுக்கு வேண்டிய அணுக்கள் பாதிகூட இல்லை மேடம். உணவுக்குழாய்ல ரத்தக்குழாய்கள் புடைச்சு நிக்கும். அது எப்போ வெடிக்கும்னு சொல்ல முடியாது. அந்த ஆள் இந்த நிமிஷம் டீ குடிச்சிட்டு, சிரிச்சிப் பேசிட்டு இருப்பாங்க. அதை நினைச்சா எனக்குத் தூக்கம் வரலை."

"ஆணா பொண்ணான்னாவது ரத்தத்துல தெரியாதா?"

"தெரியும். வெளியூர் லேபுக்கு அனுப்பணும். பதில் வர்றதுக்குள்ள என்ன வேணும்னாலும் நடந்துடும்."

"ரெண்டு பேரோட ட்யூப் மாறியிருக்குமோ?" என்றார் அய்யாதுரை.

கற்பகம் தலையை ஆட்டினாள். "ரெண்டு பேருக்குள்ள மாறியிருந்தா ரெண்டு தப்பு வந்திருக்கணும் அண்ணாச்சி. இவ ரத்தம் இன்னொருத்தர் பேர்ல போயிருக்கும், அங்கயும் ஸ்கேன் ஒத்துப்போயிருக்காது. இங்கே ஒரே ஒரு தப்புதான். அப்படின்னா இந்த ரத்தத்துக்குச் சொந்தக்காரர் ஸ்கேன் எடுத்துக்கவே இல்லை. வீரலட்சுமி ரத்தம் குடுக்கவே இல்லை." சட்டென்று நிமிர்ந்தாள். "மறுபடி ரத்தம் எடுத்தீங்களே, அப்போ அவ எப்படி இருந்தா?"

"ஊசியைப் பார்த்ததுமே மயங்கி விழுந்துட்டா. தண்ணி தெளிச்சுத்தான் எடுத்தேன். கேட்டா, முதல் தடவையும் நான்தான் குடுத்தேன்னு சத்தியம் பண்றா."

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஐஸ் பெட்டியோடு ஒரு நர்ஸ் உள்ளே வந்தாள். ஒல்லியான உடம்பு, நரைத்த கொண்டை, கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி. முகாம்களில் ரத்தம் எடுப்பது இந்தக் கனகமணிதான் என்றாள் டாக்டர்.

"சிஸ்டர், புதுப்பட்டி முகாம்ல யாராவது மயங்கி விழுந்தாங்களா?" என்று கேட்டாள் கற்பகம்.

"இல்லையேம்மா. ஒருத்தரும் விழல."

"வீரலட்சுமின்னு ஒரு பொண்ணு. ஞாபகம் இருக்கா?"

"அம்புட்டுப் பேரும் பட்டாசு மருந்துத் தூளோட வெள்ளி பூசுன மாதிரி வந்து உக்காந்தாக. யாரு மூஞ்சி எதுன்னு எனக்கென்னம்மா தெரியும்?" கனகமணி பெட்டியில் ட்யூபுகளை அடுக்கினாள். "ஆலங்குளத்துல முகாம். வேன் நிக்குது. நான் வாரேன் டாக்டர்."

அவள் போன பிறகும் கற்பகம் அந்தத் தாங்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற ட்யூபுகளில் லேபிள்கள் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தன. வீரலட்சுமி பேர் போட்ட லேபிள் மட்டும் கோணலாக, நடுவில் சுருங்கி, ஒரு முனை ஒட்டாமல் நின்றது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு அப்போது பிடிபடவில்லை.

*

கற்பகம் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். பின்னால் ஏறிய அய்யாதுரை பழக்க தோஷத்தில் "ரைட்" என்றார்.

எம். புதுப்பட்டியில் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பட்டாசுக் கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். கேட்டுக்கு வெளியே வேம்பின் நிழலில் பெண்கள் தூக்குவாளிகளைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். தீபாவளி சீசன். பேச நேரமில்லாமல் வேகவேகமாகச் சாப்பிட்டார்கள். வீரலட்சுமியின் விரல்கள் பத்தும் வெள்ளி நிறத்தில் இருந்தன. கரண்டியால்தான் சோற்றை அள்ளினாள்.

"நாந்தேன் குடுத்தேன். எத்தன வாட்டி கேப்பீக?"

"எந்தக் கையில குத்துனாங்க?"

ஒரு கணம் யோசித்தாள். "எடது."

"வலிச்சுதா?"

"எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சு."

"எறும்புக்கா ரெண்டாந்தடவ டாக்டரு மடியில மயங்கி விழுந்தே?" என்றார் அய்யாதுரை. "அது என்ன தாயி, யானை எறும்பா?"

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். வீரலட்சுமி சிரிக்கவில்லை. கற்பகம் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உன்மேல யாரும் கேஸ் போட மாட்டாங்க வீரலட்சுமி. நான் போலீஸ் இல்லை. உன் பேர்ல ரத்தம் குடுத்தவங்களுக்கு ஈரல் இறுகிப்போச்சு. நல்லா நடமாடிக்கிட்டு இருக்கும்போதே ஒருநாள் கட்டி கட்டியா ரத்தமா வாந்தி எடுப்பாங்க. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடும். முன்னாடியே தெரிஞ்சா காப்பாத்தலாம். நீ சொன்னாத்தான் தெரியும்."

கரண்டி அந்தரத்தில் நின்றது. 

"அவுகளுக்கு ஒண்ணும் ஆயிராதுல்லக்கா?"

சொன்ன மறுகணமே வெள்ளி விரல்களால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவுகன்னா? யாரு அவுக?"

அவள் பாதிச் சோற்றோடு தூக்குவாளியை மூடிக்கொண்டு கேட்டுக்குள் ஓடினாள். வெளியாட்கள் அந்தக் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும், கற்பகத்துக்கும் தெரியும்.

"ஒரு பொம்பள கண்ணுல தண்ணியோட 'அவுக'ன்னு சொன்னா யாரு தாயி?" என்றார் அய்யாதுரை. "கட்டுனவந்தேன். இதுக்குப் போயி எதுக்கு துப்பறியணும்?"

கற்பகத்துக்கும் அப்படித்தான் பட்டது. கேட்டு வாட்ச்மேனிடம் விசாரித்தார்கள். வீரலட்சுமியின் புருஷன் சிவபாண்டி, ஆனைக்குட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு லாரி செட்டில் லோடு ஏற்றுகிறான். நன்றாகக் குடிப்பான்.

"பாத்தீகளா? ஈரலுக்கும் ஆளு பொருத்தமா இருக்கான்" என்றார் அய்யாதுரை.

*

சிவபாண்டி கனத்த உடம்புக்காரன். கண்கள் சிவந்திருந்தன. பட்டாசு அட்டைப்பெட்டிகளை லாரிக்கு மேலே வீசிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு நிழலில் கற்பகம் அவசரமாக உட்கார வைத்தாள். இவனாகத்தான் இருக்க வேண்டும். இவன் இப்படிக் குனிந்து நிமிர்கிற வேகத்துக்கு எந்த நிமிடமும் எதுவும் நடக்கலாம்.

"புதுப்பட்டியில டாக்டர்மாருக முகாம் போட்டப்போ, உம் பொண்டாட்டிக்குப் பதிலா நீ ரத்தம் குடுத்தியா?" என்று கேட்டார் அய்யாதுரை.

"நானா? நான் அன்னைக்கு நாக்பூர் லோடு போயி பாதி வழியில டயரு வெடிச்சுக் கெடந்தேன். மேஸ்திரிகிட்ட கேளுங்க." மேஸ்திரி தூரத்தில் இருந்தே ஆமாம் என்று தலையாட்டினார். "வேணும்னா இப்ப எடுத்துக்கிடுங்க. குடிக்கிறவந்தேன், இல்லங்கல. ஆனா பொய் சொல்ல மாட்டேன்."

அப்போது அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்ததும் வெளியே கேட்கிற அளவுக்கு ஒரு பெண் குரல் வெடித்தது.

"ஏலே சிவபாண்டி! எங்கலே கெடக்க? ஒன்னயத் தேடி ஒரு பொம்பளையும் ஒரு மீசையும் வரும். எதையாச்சும் ஒளறி வச்சே, ஒனக்குச் சோறு கெடையாது பாத்துக்க!"

போன் துண்டிக்கப்பட்டது. அய்யாதுரை தன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "மூஞ்சிய விட்டுட்டு மீசைய மட்டும் ஞாபகம் வச்சிருக்கு."

கற்பகம் சிவபாண்டியையே பார்த்தாள். "உன் பொண்டாட்டி எப்பவும் உன்னை இப்படித்தான் கூப்பிடுவாளா?"

அவன் நெளிந்தான். "அத்த மக மேடம். சின்னதுல எங்கூட கோலி வெளயாடி எம் மண்டைய ஒடச்சவ. எங்கன போனாலும் வாடா போடாதேன். எனக்கேது மருவாதி?"

கற்பகம் எழுந்துவிட்டாள்.  வாடா போடா என்று பேசுகிற புருஷனை எந்தப் பெண்ணும் கண்ணீரோடு 'அவுக' என்று சொல்லமாட்டாள். இத்தனை தூரம் வந்தது வீண். நேரமும் போய்விட்டது. வீரலட்சுமி இவ்வளவு மரியாதை வைத்திருக்கிற அந்த இன்னொருவர் யார்? மாமியாரா? மாமியாரை 'அத்தை' என்பாள். மேஸ்திரி? டீச்சர்? ஒரு ஊரையே சந்தேகப்படலாம். ஒரு ஊரையே ஸ்கேன் மெஷினில் படுக்க வைக்க முடியுமா?

"ச்சை!" என்றார் அய்யாதுரை. லாரிப் பலகையில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி அவருடைய இடது கையைக் கீறிவிட்டிருந்தது. சிவபாண்டி ஓடிப்போய்ச் செட்டுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்திரி கொண்டுவந்து கொடுத்தான். அய்யாதுரை வலது கையால் அதைப் பிரித்து, ஒட்டி, தடவினார். அது சுருங்கி, கோணலாக, ஒரு முனை ஒட்டாமல் நின்றது.

"கையில அடிபட்டா இதுதேன் எழவு. ஒத்தக் கையால ஒட்டுனா எது நேரா நிக்கும்? பஸ்ஸுலயும் இதே கததேன். ஒரு கை கம்பியப் பிடிச்சிருக்கும், மறு கையால டிக்கெட்ட கிழிச்சா பாதி டிக்கெட்டு கட்டோடயே நின்னுரும்."

கற்பகம் அவருடைய கையைப் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தாள்.

"என்ன தாயி, ரேகை பாக்குறீகளா?"

"அண்ணாச்சி, ரத்தம் எடுத்ததும் என்ன பண்ணச் சொல்லுவாங்க?"

"பஞ்சை வச்சு கைய மடக்கிக்கிடச் சொல்லுவாக."

"யாரை? ரத்தம் குடுத்தவங்களை. எடுத்த நர்ஸுக்கு ரெண்டு கையும் சும்மாதான் இருக்கும். ட்யூபைப் பிடிச்சு, லேபிளை நேரா ஒட்டலாம். அந்த ஒரு ட்யூபுல மட்டும் லேபிள் ஒத்தக் கையால ஒட்டினது. ஏன்? இன்னொரு கை பஞ்சை வச்சு மடங்கியிருந்தது."

அய்யாதுரையின் வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. கற்பகம் அவரோடு சுற்றிய காலத்தில் இது முதல் தடவை.

"எடுத்தவங்களும் குடுத்தவங்களும் ஒரே ஆள் அண்ணாச்சி."

*

"டாக்டர், முகாம்ல வேலை பார்த்தவங்களுக்கு ஸ்கேன் பண்ணினீங்களா?"

"இல்லையே, எதுக்கு?" போனில் ஸ்வீட்டியின் குரல் குழம்பியது.

"கனகமணி சிஸ்டருக்குச் சுகர் இருக்கா?"

 பதில் மெதுவாக வந்தது.

"ரொம்ப வருஷமா இருக்கு. ஒல்லியா இருக்கறவங்களுக்கும் சுகரோட சேர்ந்து இது வரும்னு முகாம்ல எல்லார்கிட்டயும் நான்தான் சொல்றேன். அவங்க பக்கத்துல நின்னு தலையாட்டுவாங்க. போன வாரம் சாயங்காலம் ஆனா கால் வீங்குது டாக்டர்னு சொன்னாங்க. நின்னுக்கிட்டே இருக்கீங்க இல்லையா, அதான்னு சொல்லிட்டேன். நானே சொன்னேன் மேடம்! உலகத்துல யாருக்கும் தெரியாத அடையாளத்தைத் தேடறேன்னு உட்கார்ந்திருக்கேன். என் கண்ணு முன்னாடி நின்ன அடையாளத்தை..."

"அழாதீங்க. காரை எடுத்துக்கிட்டு ஆலங்குளம் வாங்க. நாங்க முன்னாடி போறோம்."

கனகமணியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. சிவகாசிக்குள் நுழைந்ததும் லோடு லாரிகள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. கற்பகம் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தாள். ஒரு கட்டத்தில் அய்யாதுரை இறங்கி, சட்டைப்பையிலிருந்து பழைய விசிலை எடுத்தார்.

"ஏய் லாரி! ரிவர்ஸ் எடு, எடு, இன்னும் எடு! ஆட்டோ, ஒதுங்குலே! உசுரு போகுது!"

அந்த விசிலுக்கும் குரலுக்கும் தெரு வழிவிட்டது. ஆலங்குளம் ரோட்டில் சிமெண்டு ஆலையின் புகைபோக்கி தெரிந்தபோது கற்பகத்தின் கைகள் ஹாண்டிலில் மரத்துப்போயிருந்தன. போகிற வழியெல்லாம் அவள் மனதுக்குள் ஒரே படம்தான் ஓடியது. மாலை போட்ட ஒரு போட்டோ, அதில் நரைத்த கொண்டை.

பள்ளிக்கூடக் கட்டிடத்தில் முகாம் நடந்துகொண்டிருந்தது. ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். கனகமணி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒருத்திக்குக் கையில் ரப்பரைக் கட்டிக்கொண்டிருந்தாள். உயிரோடுதான் இருந்தாள். கற்பகத்துக்குக் கண் கலங்கியது. அடுத்த ஆளாகப் போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"பேரு சொல்லும்மா" என்று கேட்டபடி நிமிர்ந்த கனகமணி, ஆளைப் பார்த்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "அந்தப் பிள்ள சொல்லிருச்சா?"

"ஒரே ஒரு வார்த்தைதான் சிஸ்டர். 'அவுக'ன்னா. உங்க மேல அவ்வளவு மரியாதை."

கனகமணி வரிசையில் நின்றவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, கற்பகத்தை ஜன்னல் ஓரமாகக் கூட்டிப்போனாள்.

"ஊசியப் பாத்ததும் அந்தப் பிள்ளைக்கு ஒடம்பெல்லாம் ஒதறுது. எல்லாரும் குடுத்தே ஆகணும்னு சூப்பர்வைசர் சத்தம் போடுறாரு. டாக்டரு பாவம், நோயில்லாத ஆளுக ரத்தம் பத்தல பத்தலன்னு பொலம்பிக்கிட்டு இருந்தாக. சரி, நம்ம ரத்தம் நல்ல ரத்தந்தானன்னு எடுத்து வச்சிட்டேன். பச்சத் தண்ணியும் டீயும் தவிர நான் என்னத்தத் தொட்டேன்?"

"உங்க ரத்தம்தான்னு தெரிஞ்ச பிறகாவது சொல்லியிருக்கலாமே?"

"எம் மக ஜெஸ்லினுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு. மாப்பிள வீடு டீச்சர் குடும்பம். எங்க வீட்டுக்காரரு யோபு குடிச்சுக் குடிச்சே ஈரல் கெட்டுச் செத்தாரு, அது அவுகளுக்கும் தெரியும். தெரிஞ்சேதான் பெண்ணெடுக்குறாக. இப்ப அம்மாக்காரிக்கும் ஈரல்னா ஊரு என்ன சொல்லும்? புருசனும் பொண்டாட்டியும் சேந்து குடிச்சிருக்காகன்னு சொல்லும். ஈரல்னாலே குடிதானம்மா நம்ம ஊருல." கனகமணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கல்யாணம் முடியட்டும். அது வரைக்கும் தாங்கும்."

"தாங்கலைன்னா?"

"அவரு போனதப் பக்கத்துல இருந்து பாத்தவ நான். வாளி வாளியா வந்துச்சு. எனக்குத் தெரியாதா? டாக்டர் ஆராய்ச்சியையும் கெடுத்துட்டேன். எல்லாருக்கும் சங்கடத்தத்தான் குடுத்திருக்கேன். விட்டுருங்கம்மா."

"நீங்க எதையும் கெடுக்கலை அக்கா!"

வாசலில் ஸ்வீட்டி நின்றாள். ஓடி வந்ததில் மூச்சு இரைத்தது. "நான் கண்டுபிடிச்ச அடையாளம் தப்பு பண்ணலை. உங்க ரத்தத்துல அது கத்திக்கிட்டிருந்தது. எனக்குத்தான் கேக்கலை. வாங்க, இப்பவே மதுரைக்குப் போகலாம். கேமரா விட்டுப் பார்த்து, புடைச்ச குழாயைக் கட்டிட்டா பயம் இல்லை."

கனகமணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "வரிசையில நிக்கிறவுகள முடிச்சிட்டு வாரேன்" என்று மேசைப் பக்கம் திரும்பினாள். இரண்டடி வைத்தாள். நின்றாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு மூலையில் இருந்த தண்ணீர்த் தொட்டியை நோக்கி ஓடினாள்.

குழாயைத் திறந்துவிட்டுத்தான் குனிந்தாள். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று. ஆனால் பின்னாலேயே ஓடிய கற்பகம் பார்த்தாள். தண்ணீர் சிவந்து ஓடியது. மறுபடியும் மறுபடியும் சிவந்தது.

"அண்ணாச்சி! கார் கதவு!"

அய்யாதுரை அந்த ஒல்லி உடம்பைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

மதுரை ரோடு அன்றைக்கு நீண்டுகொண்டே போனது. பின் சீட்டில் கனகமணியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையைக் கற்பகம் மடியில் வாங்கிக்கொண்டாள். முன்னால் உட்கார்ந்திருந்த அய்யாதுரை ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி விசில் ஊதிக்கொண்டே வந்தார். டாக்டர் ஓட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனில் கத்தினாள். திருமங்கலம் தாண்டும்போது கனகமணியின் கை ஐஸ் மாதிரி ஆகிவிட்டது.

"ஜெஸ்லினுக்குச் சொல்லாதீக" என்றாள். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. கற்பகம் அவள் மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. நாடி தப்பித் தப்பி அடித்தது. ஒவ்வொரு தடவையும் அடுத்தது வருமா என்று காத்திருந்தாள்.

வந்தது.

*

புடைத்திருந்த குழாய்களில் ஒன்று கிழிந்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலிலேயே ஸ்ட்ரெச்சர் காத்திருந்ததால்தான் அதற்கு ரப்பர் வளையம் போட்டுக் கட்ட முடிந்தது. டாக்டர்கள் வெளியே வந்து அதைச் சொன்னபோது ஸ்வீட்டி சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஈரல் தழும்பு அப்படியேதான் இருக்கிறது. சுகரைக் கட்டுக்குள் வைத்து, மருந்து எடுத்து, வாழ்நாள் முழுக்கக் கவனமாக இருக்க வேண்டும். ஆனால் வாழ்நாள் என்று சொல்ல ஒன்று மிச்சம் இருந்தது.

அடுத்த நாள் காலை அவர்கள் வார்டுக்குள் போனபோது கனகமணி தலையணையில் சாய்ந்திருந்தாள். வெளுத்துப்போயிருந்தாள். ஜெஸ்லின் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுது முடித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் தள்ளி ஒரு நாற்காலியில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி கண்டிப்பான முகத்தோடு ஓர் அம்மாள். மாப்பிள்ளையின் அம்மா. யார் சொல்லி வந்தாள் என்று தெரியவில்லை. அவள் யாரிடமும் எதுவும் பேசவில்லை. 

"அக்கா, அந்த ட்யூபை என்னால கணக்குல சேர்க்க முடியாது" என்றாள் ஸ்வீட்டி தயங்கியபடி. "வேற பேர்ல வந்த ரத்தம். விதிப்படி செல்லாது. மேலிடத்துக்கும் எழுதிட்டேன்."

"அப்ப எம்பேர்ல எடுங்க" என்று கனகமணி கையை நீட்டினாள்.

"இப்பவா? உங்களுக்கே ரத்தம் ஏத்தியிருக்கு. தெம்பு வந்த பிறகு எடுத்துக்கலாம்."

"கேள்வியையாச்சும் இப்பக் கேட்டு எழுதிக்கிடுங்க. முகாம்ல முதல்ல அதத்தான கேப்போம்?"

ஸ்வீட்டி பையிலிருந்து தாளை எடுத்தாள். பேர் கேட்டாள், வயது கேட்டாள், சுகர் எத்தனை வருஷம் என்று கேட்டாள். பிறகு பேனா நின்றது. ஓரக்கண்ணால் நாற்காலியில் இருந்தவளைப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவினாள்.

"ஒண்ண விட்டுட்டீக டாக்டர்" என்றாள் கனகமணி. "நானே எத்தன பேருகிட்டக் கேட்டிருக்கேன். கேளுங்க."

"அக்கா..."

"கேளுங்க."

ஸ்வீட்டி தாளைப் பார்த்தபடி கேட்டாள். "குடிப்பழக்கம் உண்டா?"

ஜெஸ்லின் தலையைக் குனிந்துகொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். கற்பகத்துக்கு வெளியே போய்விடலாமா என்று இருந்தது.

"இல்ல" என்றாள் கனகமணி.  "என்னைக்கும் இல்ல. அதக் கொஞ்சம் பெரிய எழுத்தா எழுதுங்க டாக்டர். சம்பந்தியம்மா கண்ணாடி கொண்டாரல."



அந்த அம்மாள் எழுந்தாள். நாற்காலியைத் தரையில் கரகரவென்று இழுத்து வந்து கட்டிலை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். கைப்பையைக் கீழே வைத்தாள்.

"கண்ணாடி இல்லாட்டி என்ன மதினி?" என்றாள். "காது நல்லாத்தான் கேக்குது."